குழாய்க்கு வாய்த்த குரல்

பாடகர் நாகூர் ஹனிபாவைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் மூன்றாவது வரிக்குள் ‘மத நல்லிணக்கம்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. 1925 டிசம்பர் 25-ல் பிறந்தவர். 2025-ல் நூற்றாண்டு வந்தபோது அந்த வார்த்தை இன்னும் நாலு மடங்கு புழங்கியது. தப்பான வார்த்தை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது. நல்லிணக்கம் பேசுகிறவர்கள் வழக்கமாக முனைகளை மழுக்கிக்கொள்வார்கள். இவர் எதையும் மழுக்கியவர் இல்லை. அல்லாவையும் நபிகளையும் நாகூர் நாயகத்தையும் தொண்டை நரம்பு புடைக்கப் பாடினார். மறுநாள் கறுப்பு சிவப்புக் கொடிக்குக் கீழே நின்று அண்ணாவையும் கலைஞரையும் அதே தொண்டையில் பாடினார். இரண்டிலும் விட்டுக்கொடுக்காத ஒரு ஆளை, மாரியம்மன் கோயில் திருவிழா கமிட்டி எப்படி ஏற்றுக்கொண்டது? காங்கிரஸ்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அவர் பாட்டு எப்படி ஒலித்தது? கடவுள் இல்லை என்று சொல்கிற கூட்டம், ஐந்து வேளைத் தொழுகைக்காரரின் குரலுக்காக எப்படிக் கால் கடுக்க நின்றது?

இதற்கு விடை தேடி மனித மனத்தின் ஆழத்துக்குப் போவதற்கு முன்னால், சவுக்குக் கம்பத்தின் உச்சியைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அங்கே கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிதான் அவரை எல்லா ஊருக்கும் கொண்டு சேர்த்தது. எந்தக் குரலையும் அது அப்படிச் சேர்த்துவிடாது. அதற்கு ஒத்துவந்த குரல்கள் சிலதான். அதில் முதல் வரிசைக் குரல் ஹனிபாவுடையது.

நாகப்பட்டினத்தை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில், நாகூர் நாயகம் அடங்கிய நாகூர் தர்கா. மேற்கே அதே தூரத்தில் சிக்கல் சிங்காரவேலர். தெற்கே கொஞ்சம் தள்ளி வேளாங்கண்ணி. தர்காவின் உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்குக் கொடியேறினால் பதினாலு நாள் கூட்டம். வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29-ல் கொடியேற்றி செப்டம்பர் 8-ல் பெரிய விழா. சிக்கலில் ஐப்பசியில் வேல் வாங்கும் விழா. இந்த மூன்றுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு, கட்சிக் கூட்டம், கிராமத்துத் திருவிழா. எல்லாவற்றுக்கும் போவது அதே நாலைந்து மைக்செட்காரர்கள்தான். அதே ஆம்ப்ளிபயர், அதே குழாய், அதே ரெக்கார்டுப் பெட்டி. காசு போட்டு வாங்குகிற ரெக்கார்டு எல்லா விசேஷத்துக்கும் உழைக்க வேண்டும் என்றுதானே தொழில்காரர் பார்ப்பார்? அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதுதான் ஒரு வட்டாரத்தின் காதை முப்பது நாற்பது வருஷம் பழக்கியது.

குழாய் எதைக் கடத்தும்

குழாய் என்று நாம் சொல்வது இரண்டு சாமான். பின்னால் திருகிப் பொருத்துகிற யூனிட், முன்னால் அலுமினியக் கூம்பு. யூனிட்டுக்குள் ஒரு காந்தம், டயாப்ரம் என்கிற மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், அவ்வளவுதான். மின்தடை பெரும்பாலும் 16 ஓம்ஸ். 35 வாட்டிலிருந்து 60 வாட் வரை வரும். டயாப்ரம் அசைவது நூலளவு. அந்தச் சின்ன அசைவைக் கூம்பு ஊருக்கே கேட்கிற சத்தமாக மாற்றுகிறது. கூம்புக்குள் சத்தம் நேராக வெளியே வருவதில்லை. முன்னால் போய், பின்னால் மடங்கி, மறுபடி முன்னால் வருகிறது. இரண்டு மூன்று அடியில் அடக்கிவைத்த நீளப் பாதை அது. சத்தத்தைப் பெருக்குவது, மெல்ல மெல்ல அகலமாகிக்கொண்டே போகிற அந்தப் பாதைதான்.

இதில் ஒரு விலை உண்டு. ஏறத்தாழ 200, 250 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு அத்தனை அதிர்வு) கீழே போனால் கூம்பு கைவிட்டுவிடும். அங்கே காற்றின் எதிர்ப்பு டயாப்ரத்துக்குக் கிடைக்காது. பிடிமானம் இல்லாமல் அது வரம்பு மீறி ஆடும், சுருள் காந்தத்தில் உரசும், கரகரவென்று அடித்துவிட்டு யூனிட் செத்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்த செட்டுக்காரர் கூட்டத்துக்கு வந்ததும் முதல் வேலையாக, அடி ஒலியை ஏற்றி இறக்குகிற பேஸ் குமிழை அடியோடு குறைப்பார். மேலே போனால் ஐந்தாயிரம் ஆறாயிரம் ஹெர்ட்ஸோடு சரி. நடுவில் இருக்கிற அந்த ஜன்னல் வழியாகத்தான் எல்லாப் பாட்டும் போக வேண்டும். மனுஷக் காது மிகக் கூர்மையாக இருப்பது இரண்டாயிரத்துக்கும் ஐந்தாயிரத்துக்கும் இடையில். குழாய் நன்றாக வேலை செய்வதும் அங்கேதான்.

இப்போது குரல்களை அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தணிந்த ஸ்தாயியில் பாடுகிற ஆண் குரலின் அடிச்சுருதி 110, 150 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். அது கூம்புக்குள் நுழையவே நுழையாது. மேல் ஒலிகளை வைத்துக் காது தானாக ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். பி.பி. ஸ்ரீனிவாஸ் மாதிரி காதோரம் பாடுகிற குரல் ரேடியோவில் தேன். வயலைத் தாண்டி வரும்போது பாதி கரைந்திருக்கும். உச்சத்தில் பாடுகிற ஆண் குரலின் அடிச்சுருதியே 300, 400 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடுகிறது. அப்படியானால் முழுக் குரலும், அடி முதல் நுனி வரை, ஜன்னலுக்குள் அடங்கிவிடும். ஹனிபா பாடியது அந்த உயரத்தில். கள்ளக்குரல் போடாமல், மூக்கில் ஒதுக்காமல், மார்பிலிருந்து எடுத்துப் பாடினார். முறையாகச் சங்கீதம் படித்தவர் இல்லை, கேள்வி ஞானம்தான். படித்திருந்தால் கமகத்தில் குழைந்து போயிருப்பாரோ என்று சில சமயம் தோன்றும். குழைவைக் குழாய் விழுங்கிவிடும். நிமிர்ந்து நிற்கிற ஸ்வரம்தான் வெளியே வரும்.

டெல்டாவில் இதற்கு இணையாகச் சொல்ல இன்னொரு குரல் உண்டு, சீர்காழி கோவிந்தராஜன். அவர் முறையாகப் படித்தவர், இருந்தும் அதே கணீர். மைக்செட்காரர் பெட்டியில் இரண்டு பேரும் அடுத்தடுத்து இருந்ததற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. இரண்டும் ‘தூரம் போகிற’ ரெக்கார்டுகள். பெட்டியில் ரெக்கார்டுகள் மதவாரியாகப் பிரிந்திருந்தன என்று நினைப்பவர்கள் அந்தத் தொழிலைக் கிட்டப் பார்த்ததில்லை. தூரம் போகிறது, பந்தலுக்குள் மட்டும் கேட்கிறது என்பதுதான் அங்கே இருந்த பெரிய பிரிவு.

பாட்டின் கட்டுமானம்

குரல் பாதி என்றால் பாட்டு மீதிப் பாதி. தெருவில் குழாய் கட்டினால் ஒரு குழாயோடு நிற்காது. கோயில் வாசலில் ஒன்று, முச்சந்தியில் ஒன்று, குளத்தங்கரையில் ஒன்று. சத்தம் விநாடிக்கு 340 மீட்டர் போகிறது. இரண்டு குழாய்க்கு நடுவே 170 மீட்டர் இருந்தால், ஒன்றின் கீழ் நிற்பவனுக்கு அடுத்ததன் பாட்டு அரை விநாடி தாமதமாக வந்து விழும். வேகமான பாட்டில் அரை விநாடிக்குள் மூன்று நாலு எழுத்து ஓடிவிடும். ஒரு எழுத்தின் மேல் இன்னொரு எழுத்து ஏறி, கேட்பவனுக்குக் கூழாகத்தான் வரும். சினிமாவின் துள்ளல் பாட்டுகள் பல இப்படிச் செத்துப்போனதைக் கேட்டிருப்பீர்கள்.

ஹனிபாவின் பாட்டுகளைப் பாருங்கள். நாகூர் சலீம், புலவர் ஆபிதீன் போன்றவர்கள் எழுதிக்கொடுத்தவை எல்லாம் அளவான வரிகள். ஒரு வரி பாடுவார். அதையே திரும்பப் பாடுவார். வரிக்கு வரி ஒரு மூச்சு இடைவெளி. அந்த இடைவெளியில் தூரத்துக் குழாய் தன் பங்கைச் சொல்லி முடித்துவிடும். வரி முடிகிற இடத்தில் நெடில் எழுத்து வரும், அதில் குரல் நீண்டு நிற்கும். நீண்ட உயிரெழுத்து எதிரொலியோடு சண்டை போடாது, அதோடு கலந்து இன்னும் பெரிசாகும். முதல் தடவை தப்பிய வார்த்தை இரண்டாம் தடவையில் காதில் மாட்டிக்கொள்ளும். வாத்தியமும் அடக்கம்தான், ஆர்மோனியம், தாளத்துக்கு ஒரு தோல் வாத்தியம், இடையில் நிரப்ப ஏதோ ஒன்று. பத்து வயலின் சேர்ந்து இழைத்தால் அது குழாயில் தகரத்தைத் தேய்க்கிற சத்தமாகிவிடும். இந்தப் பாட்டுகளில் அந்த ஆபத்து குறைவு.

‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை எழுதியவர் மயிலாடுதுறைப் பக்கத்துக் கிளியனூர் அப்துல் சலாம். பல்லவியில் எந்த மதத்தின் பெயரும் வராது. கேட்பவன் தன் சாமியை அதில் வைத்துக்கொள்ளலாம். இது எல்லாரும் சொல்வதுதான், உண்மையும்கூட. ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தால் நாகூர் நாயகத்தின் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிற பாட்டுகள் நாகூரோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கீழ்வேளூர், திருவாரூர் வரைக்கும் டீக்கடைகளில் விடிகாலையில் அவையும்தான் ஓடின. அர்த்தம் பொதுவாக இருந்ததால் மட்டும் பாட்டு பரவவில்லை. வார்த்தை வார்த்தையாகத் தெளிந்து கேட்டதால் பரவியது. விளங்குகிற பாட்டை ஜனங்கள் மதம் பார்த்து ஒதுக்குவது, நாம் பயப்படுகிற அளவுக்கு நடப்பதில்லை.

தரையும் தண்ணீரும்

இதில் மண்ணுக்கும் பங்கு உண்டு. பகலில் தரை சூடேறும். தரையை ஒட்டிய காற்று சூடாக இருந்தால் சத்தம் மேல்நோக்கி வளைந்து ஆகாயத்துக்குப் போய்விடும். மதியம் பக்கத்து ஊர்க் குழாய் கேட்காததற்குக் காரணம் அதுதான். இரவு ஏற ஏற, அதிலும் விடிகாலையில், கீழே குளிர்ச்சி, மேலே கொஞ்சம் சூடு. இப்போது சத்தம் கீழ்நோக்கி வளையும். சம்பா நட்டு வயலெல்லாம் தண்ணீர் நிற்கிற மாதங்களில் அந்தத் தண்ணீர்ப் பரப்பு சத்தத்தை விழுங்காமல் தள்ளிவிடுகிறது. மேடு பள்ளம் இல்லை, குன்று இல்லை, இடையில் மரக்கூட்டம் குறைவு. தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும் என்பது ஏட்டுக் கணக்கு. மார்கழி விடிகாலையில் டெல்டா அந்தக் கணக்கையே தளர்த்திவிடும்.

நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு எழுப்புகிற பாட்டு, மார்கழியில் கோயில் பாட்டு, திருவிழாவின் முதல் நாள் விடிகாலைப் பாட்டு, எல்லாம் இந்த நேரத்தில்தான். ஒரு ஊரின் சஹர் பாட்டு மூன்று ஊர்த் திண்ணையில் கேட்கும். கேட்க வேண்டும் என்று நினைத்தவன், வேண்டாம் என்று நினைத்தவன் என்ற பாகுபாடு கிடையாது. நடவுக்குப் போகிறவள், பால் கறக்கிறவர், முதல் பஸ் எடுக்கிற டிரைவர், எல்லாருக்கும் ஒரே பாட்டு. ரசிகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாத லட்சம் பேருக்கு ஹனிபாவின் பாட்டு மனப்பாடமாக இருப்பதற்கு இந்த விடிகாலைக் காற்றுதான் காரணம்.

செட்டுக்காரருக்குத் தொல்லைகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கடலோரத்தில் உப்புக்காற்று திருகுமுனையைப் பச்சையாக்கிவிடும். களிம்பைச் சுரண்டாமல் ஒயரை முறுக்கினால் பாட்டு விட்டுவிட்டு வரும். சும்மா கிடந்த கூம்புக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். வாயை வானம் பார்க்கக் கட்டினால் மழைத்தண்ணீர் இறங்கி யூனிட்டைப் பிடிக்கும். அதனால் வாய் கொஞ்சம் தாழ்ந்தே இருக்க வேண்டும். ஒரே கம்பத்தில் இரண்டு குழாயைக் கட்டி, ஒன்றுக்கு மட்டும் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் நடுவில் நிற்பவனுக்குப் பாட்டு வற்றிப்போகும். எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு ஒயரில். 0.75 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரை 300 மீட்டர் இழுத்தால், போக வர 600 மீட்டர், கிட்டத்தட்ட 14 ஓம்ஸ் தடை. 16 ஓம்ஸ் குழாயை நேராக அதில் மாட்டினால் பாதிக்குக் கொஞ்சம் குறைவான சக்தி ஒயரிலேயே சூடாகிப் போய்விடும். அதே குழாய்க்கு, மின்னழுத்தத்தை மாற்றித் தருகிற லைன் டிரான்ஸ்பார்மர் போட்டு 100 வோல்ட் லைனில் 25 வாட் எடுத்தால் அது 400 ஓம்ஸாக நிற்கும். ஒயரில் இழப்பு நூற்றுக்கு மூன்று நாலு. குளத்தங்கரைக் குழாயில் பாட்டு கேட்பதும் கேட்காததும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தனியாகக் குரலே எழும்புகிற பாட்டு வேண்டும். அதற்கும் ஹனிபா ரெக்கார்டு தோது.

கட்சி மேடை

1949-ல் திமுக தொடங்கிய காலத்திலிருந்து அவர் அந்தப் பக்கம். 1953 கல்லக்குடிப் போராட்டத்தைப் பற்றி அவர் பாடிய பாட்டு கட்சிக்காரர்களுக்கு வரலாற்றுப் பாடமாகவே ஆனது. அப்போதைய பொதுக்கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். தலைவர் எட்டு மணிக்கு வருவார் என்று நோட்டீஸ் சொல்லும். அவர் நாலு ஊரில் பேசிவிட்டு வந்து சேர நடுநிசி ஆகும். அதுவரை கூட்டம் கலையாமல் இருக்க வேண்டும். அதற்கு முன்னால், கூட்டம் சேர வேண்டும். ஏழு மணிக்குக் குழாயில் அவர் குரல் எழுந்தால் சுற்று வட்டாரத்துக்கே ‘இன்றைக்குக் கூட்டம் உண்டு’ என்று தகவல் போய்விடும். நோட்டீஸ் படிக்கத் தெரியாதவனுக்கும் அது அழைப்பு.

நேரில் பாடும்போது இன்னொரு வசதி. மைக்கின் சத்தத்தை ஏற்ற ஏற்றத்தான் குழாய் ஊளையிடும். மெல்லிய குரல்காரர் பேசினால் ஏற்றியே ஆக வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் கீச்சென்று அலறும். தொண்டையிலேயே சத்தம் இருப்பவருக்குக் குமிழைப் பாதியில் வைத்தால் போதும். ஊளைக்கு இடமே இல்லை, ஒயர் முனை வரை சுத்தமாகப் போகும். மைக்கை விட்டு ஒரு முழம் தள்ளி நின்று பாடினால்தான் ஆம்ப்ளிபயரில் குரல் உடையாது. இப்படிப் பாடுகிறவரைப் பகுத்தறிவு மேடையில் ஏற்றியதில் கொள்கை முரண் எதுவும் கூட்டத்துக்குத் தோன்றவில்லை. அவர் தொப்பியைக் கழற்றவில்லை, இவர்களும் கழற்றச் சொல்லவில்லை.

ஆனால் எல்லை இருந்தது. இதை நல்லிணக்கக் கட்டுரைகள் தாண்டிப் போய்விடுகின்றன. அவருடைய பக்திப் பாட்டு அதிமுக கிளைச் செயலாளர் வீட்டுக் கல்யாணத்தில் ஓடும். கட்சிப் பாட்டு ஓடாது. ஓடினால் பந்தலில் நாற்காலி பறக்கும். சொந்தச் சமூகத்துக்குள்ளேயே இசைக்கருவி கூடாது என்பவர்களும், தர்கா வழிபாடே தவறு என்பவர்களும் உண்டு. அவர்கள் வீட்டில் நாகூர் நாயகத்தின் பாட்டு ஒலிக்காது. ஹனிபாவுக்குச் சட்டமன்ற மேலவை உறுப்பினர், வக்ஃபு வாரியத் தலைவர் என்று பதவிகள் வந்தன. 2002-ல் வாணியம்பாடி இடைத்தேர்தலில் நின்றார், தோற்றார். ஜனங்கள் அவர் குரலுக்குக் காதைத்தான் கொடுத்தார்கள், வேறு எதையும் அடமானம் வைக்கவில்லை. அந்தக் கேட்பு அத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு அந்த அளவான உறவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்று நிமிஷம்

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் முடிச்சு ரெக்கார்டின் நீளத்தில் இருக்கிறது. 78 வேகத் தட்டு, பத்து அங்குலம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. முடிந்ததும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும், ஊசியை மாற்ற வேண்டும். எஃகு ஊசியை மாற்றாமல் ஓட்டினால் பள்ளத்தைச் சீவிவிடும். தட்டு வெள்ளையடித்துப் போகும். ஆக, ஒவ்வொரு மூன்று நிமிஷத்துக்கும் ஒரு மனுஷன் பெட்டிக்குள் கையை விட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம். அவருக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். கமிட்டித் தலைவர் முகத்தைப் பார்ப்பார், பந்தலுக்கு வந்த பக்கத்துத் தெரு பாய்களைப் பார்ப்பார், வேளாங்கண்ணி நேர்ச்சைக்கு நடந்து போகிற கூட்டம் ரோட்டில் போவதைப் பார்ப்பார். கை தானாக ஒரு சீர்காழி, ஒரு ஹனிபா, ஒரு மாதா பாட்டு என்று எடுக்கும். யாரும் கொள்கையாக வகுத்த வரிசை இல்லை அது. ஒரே மாதிரி இரண்டு ரெக்கார்டு அடுத்தடுத்துப் போட்டால் முணுமுணுப்பு வரும் என்கிற தொழில் அனுபவம்.

1961-ல் ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு ஹனிபா பாடிய ‘எல்லோரும் கொண்டாடுவோம்’ இந்த வரிசைக்குப் பாலமாக வந்து சேர்ந்தது. சினிமாப் பாட்டு என்று கேட்பவனுக்கும் சரி, ஹனிபா பாட்டு என்று கேட்பவனுக்கும் சரி, ஆட்சேபணை கிடையாது. பிற்பாடு இளையராஜாவும் அவரைச் சினிமாவில் பாடவைத்தார். அதற்குள் அந்தக் குரல் இளையராஜா தலைமுறைக்குப் பழைய வீட்டுச் சொத்து.

எண்பதுகளில் கேசட் வந்தது. அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி. செட்டுக்காரர் முதல் தடவையாகத் தூங்கினார். கம்பெனிக் கேசட்டைப் போட்டால் அரை மணிக்கும் ஒரே பாடகர், ஒரே சாமி. கைக்கு வேலை இல்லை, முகம் பார்க்க வேண்டியதில்லை. இதைச் சமாளிக்க விவரமான சிலர் ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் கொடுத்து வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கினார்கள். பிள்ளையார் பாட்டில் தொடங்கி, இரண்டாவதோ மூன்றாவதோ ஹனிபா, அடுத்தது மாதா. கல்யாண வீட்டுக் கேசட்டில் இந்த வரிசை உறைந்துபோனது அப்போதுதான். முன்பு ஒவ்வொரு தடவையும் யாரோ முடிவெடுத்தது சடங்காகிவிட்டது. அதுவும் கெட்டதில்லை; சடங்காக நின்றதால்தான் இன்னும் சில வருஷம் நின்றது. (பெல்ட் தளர்ந்த டெக்கில் ஹனிபாவே அரைச் சுருதி இறங்கி, சளி பிடித்தவர் போல் பாடிய கொடுமையையும் அந்தக் காலத்துக் கணக்கில்தான் எழுத வேண்டும்.)

பென்டிரைவில் அந்த முடிவும் போனது. போல்டர் போல்டராகப் பாட்டு. ‘அம்மன்’ ஒரு போல்டர், ‘ஐயப்பன்’ ஒரு போல்டர், ‘முஸ்லிம் சாங்ஸ்’ ஒரு போல்டர். கோயில் திருவிழாவுக்கு வருகிற பையன் மூன்றாவது போல்டரைத் திறக்க மறுப்பதில்லை. திறக்க வேண்டிய தருணம் அவனுக்கு வருவதே இல்லை. போனில் கேட்பவர்களிலும் கட்சிக்காரர்களுக்குக் கட்சிப் பாட்டு ஹனிபா மட்டும் வந்து கொட்டுகிறது. ரீலில் தலைவர்களின் பழைய படத்துக்குப் பின்னணியாக ஓடுகிறார். நோன்பு மாதத்தில் இன்னொரு கூட்டத்துக்கு இன்னொரு ஹனிபா. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. அவருடைய கேட்போர் எண்ணிக்கை குறைந்ததாக நான் நினைக்கவில்லை, கூடியும் இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டும் என்று நினைக்காமலே கேட்டவர்கள் போய்விட்டார்கள். அவருடைய அதிசயமான ரசிகர்கள் அவர்கள்தான்.

குழாய்க்காக அழுவதும் எனக்கு உடன்பாடில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் நெஞ்சுவலிக்காரரும் ராத்திரி முழுக்கக் குழாயைச் சகித்த காலம் அது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. அது நியாயமான விதி. பெட்டி ஸ்பீக்கரான பாக்ஸ் வந்தபோது குழாயின் அலறல் ஒழிந்தது என்று நிம்மதிப்பட்டவர்கள், அது வயிற்றைக் கலக்குகிற அடியைக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்கவில்லை. அடி ஒலிக்கென்றே வைக்கிற சப்-ஊஃபர் 40 ஹெர்ட்ஸிலும் 80 ஹெர்ட்ஸிலும் அடிக்கும். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டும், ஆனால் அதில் வார்த்தை இருக்காது. அந்தச் செட்டில் பழைய ஹனிபா ரெக்கார்டைப் போட்டால் பையன்கள் சொல்கிற குறை, ‘பாட்டு சப்பையா இருக்குண்ணே, பேஸே இல்ல’. இல்லைதான். அந்தப் பதிவில் கீழே இருப்பது மோட்டார் உறுமலும் மின்சார முனகலும் மட்டும். அதை ஏற்றினால் உறுமல்தான் ஏறும்.

அப்படியும் ஒரு கல்யாணத்துக்கோ கந்தூரிக்கோ பாக்ஸ் செட்டில் அவரைப் போட வேண்டியிருந்தால் வழி இருக்கிறது. 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மொத்தமாக வெட்டிவிடுங்கள். இரண்டரையாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் ‘ச’, ‘ஷ’ எல்லாம் குத்தும், தட்டின் பொரிச்சலும் முன்னுக்கு வந்துவிடும். ஏழாயிரத்துக்கு மேலே வெறும் இரைச்சல், இறக்கிவிடுங்கள். பழைய பதிவுகளுக்கு ஸ்டீரியோ கிடையாது. எக்கோ சேர்த்து ஸ்டீரியோவாக்கிய நகல்கள் இணையத்தில் நிறைய உலவுகின்றன, அவை வேண்டாம். மோனோவில் வையுங்கள். சில நகல்களை வேகம் கூட்டியோ குறைத்தோ ஏற்றியிருப்பார்கள். ஒரே பாட்டின் இரண்டு மூன்று நகலை எடுத்து நேரத்தை ஒப்பிட்டால் எது கோணல் என்று தெரிந்துவிடும். பந்தலுக்கு வெளியே ஒரு பாக்ஸ் வைத்தால் உள்ளே இருப்பதிலிருந்து ரொம்பத் தள்ளாமல் வையுங்கள், இல்லையென்றால் பழைய எதிரொலித் தொல்லை வந்துவிடும். சப்-ஊஃபரைக் குறைத்து மட்டும் வைத்தால் போதாது, ஒயரையே கழற்றிவிடுங்கள். குறைத்து வைத்தால் நீங்கள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து யாராவது ஏற்றிவிடுவான்.